சொந்தப் புல்வெளிக்கு டிக்கெட்

கஸியான் ப்ளோனரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அறுபத்து மூன்று வயது. பதினோரு மாடு. மலையடிவாரத்தில் ஒரு புல்வெளி. கெட்டுப்போன இரண்டு முழங்கால். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவனைப் போல மலையிலிருந்து பனியில் சறுக்கி இறங்க எங்கள் ஹின்டர்லான் ஊரில் இன்னொரு ஆள் கிடையாது. எவன் கையை நீட்டினாலும் பிடித்துக் குலுக்கி நம்பிவிடுவதிலும் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. இரண்டையும் ஒரே மனிதனிடம் வைத்தது யார் தப்பு என்று தெரியவில்லை.

நான் வால்புர்கா. ஊருக்கு புர்கி. ரோப் கார் நிலையத்தின் டிக்கெட் கவுன்டரில் இருபத்தேழு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். கஸியானும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அவன் கதையைச் சொல்ல எனக்கு அந்த உரிமை போதும். தவிர, அவன் வாயால் இதை ஒருநாளும் சொல்ல மாட்டான்.

முன்பெல்லாம் டிக்கெட் விலையை ஒரு மரப்பலகையில் பெயின்டால் எழுதி மாட்டியிருப்போம். வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் கூச்சப்பட்டுக்கொண்டு, ஒரு எண்ணை மாற்றுவோம். இப்போது அந்த இடத்தில் திரை. விமான டிக்கெட் மாதிரி நாளுக்கு நாள் விலை மாறுகிறது. வெயில் அடித்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எண்பத்து நான்கு யூரோ. மப்பும் மந்தாரமுமாக இருந்தால் எழுபத்தொன்பது. என்னவோ சூரியனையும் இந்த ரோப் கார் கம்பெனிதான் மலைமேல் ஏற்றிவிடுகிறது போல.

யார் வாங்குகிறார்கள் என்று கேட்கிறீர்களா? போன வருஷம் ஒருவன் வந்தான். அவன் சட்டையும் அவன் நாயின் சட்டையும் ஒரே துணி. விலையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? அமெரிக்காவுல இதுக்கு ரெண்டு பங்கு குடுத்தேனே" என்று முகம் சுளித்தான். மலிவாக இருந்தது அவனுக்கு அவமானம். அவன் திருப்திக்காகவே கம்பெனி இன்னொரு டிக்கெட் வைத்திருக்கிறது. மேலே அறுபது யூரோ கட்டினால் வரிசையில் நிற்காமல் முன்னால் போகலாம். வாங்கினான். பத்து பேரைத் தாண்டிப் போய், மேலே ஓட்டலில் உட்கார்ந்து, சாயங்காலம் ரோப் காரிலேயே கீழே வந்தான். சறுக்குப் பலகையைக் காலில் மாட்டியதாகவே தெரியவில்லை.

இன்னொரு வகை உண்டு. பள்ளத்தாக்கின் கீழ்ப்பக்கத்திலிருந்து, கூரை வேலை செய்கிறவன், பஸ் ஓட்டுகிறவன், பெண்டாட்டி பிள்ளைகளோடு வருவான். திரையைப் பார்ப்பான். உதடு மட்டும் அசையும். பிறகு சட்டென்று, "அடடா, கையுறையை வண்டியிலேயே விட்டுட்டோமே, வாங்க" என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போவான். அவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததே இல்லை. போன பருவத்தில் மட்டும் இப்படி முப்பதுக்கு மேல் குடும்பங்கள். பிள்ளைகள் கையில் கையுறை மாட்டியபடியேதான் போகும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இருந்த சலுகையையும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்துவிட்டார்கள். எல்லா வாடிக்கையாளரும் சமமாம். பள்ளிக்கூடத்தில் குளிர்காலத்துக்கு ஒரு வாரம் பனிச்சறுக்கு கற்றுக்கொடுப்பார்கள். கட்டுபடியாகவில்லை என்று அதை நிறுத்திவிட்டு நீச்சல் வாரம் வைத்தார்கள். நாலு பக்கமும் பனிமலை, நடுவில் பிள்ளைகள் குளோரின் தண்ணீரில் கை கால் அடித்துக்கொண்டிருக்கின்றன. இதைப் பார்த்தும் ஒருவனும் வெட்கப்படவில்லை.

இத்தனைக்கும் நடுவில் காசு கொடுக்காமல் மலையேறியது ப்ளோனர் வீடு ஒன்றுதான். அதற்குக் காரணம் அவர்கள் புல்வெளி. மலையிலிருந்து வரும் எல்லாச் சறுக்குப் பாதையும் கடைசியில் அந்தப் புல்வெளி வழியாகத்தான் நிலையத்துக்கு வந்து சேர வேண்டும். ஒரு பக்கம் ஓடைப் பள்ளம், மறுபக்கம் காடு. வேறு வழியே இல்லை. அறுபது வருஷத்துக்கு முன்னால், மலையேற முதல் லிஃப்ட் போட்டபோது, கஸியானின் அப்பாவும் அன்றைய முதலாளியும் ப்ளோனர் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து உப்புக்கண்டம் தின்று, பழச்சாராயம் குடித்து, கை குலுக்கிக்கொண்டார்கள். இந்த வீட்டு அடுப்பு எரிகிற வரைக்கும் வீட்டில் இருப்பவர்களுக்குப் பாஸ் இலவசம். அதற்குப் பதில், மாடுகள் தொழுவத்துக்குத் திரும்பியதும் புல்வெளி வேலியை ப்ளோனர் வீட்டார் பிடுங்கிவிட வேண்டும். வசந்தத்தில் திரும்ப நட்டுக்கொள்ளலாம். ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

அந்த முதலாளியின் மகன் கெப்ஹார்ட் கிழவன் இருந்தவரை ஒவ்வொரு நவம்பரிலும், புனித மார்ட்டின் திருநாளன்று, தானே பாஸைக் கையில் எடுத்துக்கொண்டு வருவான். அதே அடுக்களை, அதே உப்புக்கண்டம். அவன் போன பிறகு மறுநாள் வேலி கீழே கிடக்கும்.

கஸியானுக்கு அந்தப் பாஸ் எதற்கு என்றால், தினம் ஒரே ஒரு தடவை இறங்குவதற்கு. காலையில் மாடு கறந்துவிட்டு, எட்டரைக்கு முதல் ரோப் கார் வண்டியில் ஏறுவான். வெளியூர் விருந்தாளிகள் ஓட்டலில் முட்டை உரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் உச்சியிலிருந்து வீட்டு வாசல் வரை ஒரே மூச்சில் இறங்குவான். பிறகு நாள் முழுக்கச் சாணி, வைக்கோல், விறகு. "அது மட்டும் இல்லைன்னா நான் ஒரு மாடுதான் புர்கி. பன்னெண்டாவது மாடு" என்று ஒருநாள் என்னிடம் சொன்னான். டாக்டர் அவன் முழங்காலைப் பார்த்துவிட்டு இன்னும் நாலைந்து குளிர்காலம் தாங்கும், அதற்குமேல் சறுக்கலை மறந்துவிடு என்று சொல்லியிருந்தார். காசு கொடுத்து வாங்கலாம் என்றால், அவனுக்கும் பெண்டாட்டி ஸென்ஸிக்கும் சீசன் பாஸ் எடுக்க ஒரு நல்ல கிடேரியை விற்க வேண்டும். பால் விலை இருக்கிற லட்சணத்தில் அது நடக்கிற காரியமா?

கெப்ஹார்ட் செத்ததும் அவன் பிள்ளைகள் லிஃப்டை வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டு ஊரைக் கை கழுவினார்கள். புது நிர்வாகியாக டாக்டர் ஹாகெனாவ் வந்தான். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. மலையை எப்படி விற்பது என்று படித்து வாங்கிய பட்டம். வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு சேற்றில் நடந்து, சேறு பட்டதற்காகச் சேற்றைத் திட்டுகிற ஆள். கடல் ஓரத்தில் பிறந்தவன். பனியில் அவன் நடப்பதைப் பார்த்தால் நமக்கு வழுக்கும்.

செப்டம்பரில் ஆபீசில் ஒரு பட்டியலைப் பார்த்தேன். அதில் ப்ளோனர் வீட்டு இலவசப் பாஸ் ரத்து. அன்று மத்தியானமே ப்ளோனர் வீட்டுக்கு ஓடினேன்.

"டேய், காதைத் திறந்து கேளு. பாஸ் உன் கையில வர்ற வரைக்கும் வேலியில ஒரு கம்பைக்கூடத் தொடாத."

கஸியான் கோடாரியைக் கீழே வைத்தான். "வேலியை எடுக்காம விடறதா? எங்க அப்பா காலத்துல இருந்து…"

"உங்க அப்பா காலத்துல முதலாளிக்கு இந்த ஊரு மூஞ்சி தெரியும். இவனுக்கு உன் வீடு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது."

"புர்கி சொல்றதுதான் சரி" என்றாள் ஸென்ஸி, ஜன்னலுக்கு உள்ளேயிருந்து. அவள் அதிகம் பேச மாட்டாள். பேசினால் அவன் கேட்பான். கேட்டான்.

நவம்பர் வந்தது. மற்றவர்கள் வேலியெல்லாம் கீழே இறங்கிவிட்டது. பாதையின் கடைசி இருநூறு மீட்டரில் ப்ளோனர் வேலி மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. முப்பத்தெட்டு வேலிக்கால். கஸியான் எதையும் புதிதாகச் செய்யவில்லை. வருஷா வருஷம் செய்வதை இந்த வருஷம் செய்யவில்லை, அவ்வளவுதான். அதற்கே ஆபீஸ் கலங்கிப்போனது. ஒப்பந்தக் கோப்புகளையெல்லாம் புரட்டினார்கள். வேலியை யார் எடுக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. இத்தனை வருஷமும் அது தானாக விழுந்துகொண்டிருந்தது என்று நினைத்திருப்பார்கள்.

மார்ட்டின் திருநாள் கழிந்து மூன்றாம் நாள் ஹாகெனாவ் நேரில் வந்தான். முட்டை வாங்கப் போயிருந்த நான் அடுக்களையில் இருந்தேன். கஸியான் ஓடி ஓடிக் கவனித்தான். உப்புக்கண்டம் வெட்டி வைத்தான். ஹாகெனாவ் மாமிசம் தொடுவதில்லையாம். சாராயம் ஊற்றினான். வந்தவன் ஒரு மிடறு விழுங்கிவிட்டு இருமினான்.

"நீங்க எங்களுக்கு வெறும் பக்கத்து வீட்டுக்காரர் இல்ல. கூட்டாளி" என்றான் ஹாகெனாவ். "கட்டாயம் நல்ல முடிவா எடுத்துரலாம்."

"பழையபடியேங்களா ஐயா?"

"பழையபடியே. இன்னும் சிறப்பா." கையை நீட்டினான்.

கஸியான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினான். கண் கலங்கிவிட்டது மடையனுக்கு.

"அதை ரெண்டு வரி எழுதிக் குடுத்துடச் சொல்லு" என்றேன் நான்.

கஸியான் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் ஏதோ அவன் வீட்டுச் சாமி படத்தின் மேல் துப்பிவிட்ட மாதிரி. எங்கள் மலையில் கை குலுக்கிய பிறகு காகிதம் கேட்பது அடிதடியில் முடிகிற சங்கதி. கேட்டவனோடு மூன்று தலைமுறைக்குப் பேச்சு இருக்காது. அது தெரிந்துதான் நான் கேட்டேன். வந்திருந்தவன் எங்கள் மலைக்காரன் இல்லையே!

"நீ முட்டையை எடுத்துக்கிட்டு கிளம்புடீ" என்றான் கஸியான். ஹாகெனாவ் என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகாவது இவனுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலத்துக்குள் முப்பத்தெட்டு வேலிக்காலையும் பிடுங்கி, கொட்டகையில் அடுக்கிவிட்டான். சீட்டியடித்துக்கொண்டே செய்தான் என்று ஸென்ஸி சொன்னாள்.

பத்து நாளில் கடுங்குளிர் இறங்கியது. தரை இரும்பாகிவிட்டது. அதற்கப்புறம் கடிதம் வந்தது. எங்கள் மதிப்புக்குரிய கூட்டாளியே, உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி, நவம்பர் முப்பதுக்குள் போன் வழியாக வாங்கினால் குடும்பச் சீசன் பாஸில் பதினைந்து சதவீதம் தள்ளுபடி. கடிதம் வந்து சேர்ந்தது டிசம்பர் இரண்டாம் தேதி.

கஸியான் கொட்டகைக்குப் போய் வேலிக்கால்களைத் தூக்கிக்கொண்டு வந்தான். கடப்பாரையால் தரையைக் குத்தினான். பொறி பறந்தது. பெரிய சம்மட்டியால் அடித்ததில் மூன்று வேலிக்கால் பிளந்தது, நாலாவது அவன் கட்டை விரலைப் பெயர்த்தது. நவம்பரில் அப்படியே விட்டிருந்தால் அந்த வேலியை வசந்தம்வரை எந்தக் கொம்பனாலும் அசைத்திருக்க முடியாது. அதை அவன் கையாலேயே பிடுங்கியாகிவிட்டது. எனக்கு அவன்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

விரலில் கட்டோடு ஆபீசுக்கு வந்தான். கதவு திறந்திருந்தது. கவுன்டரிலிருந்த என் காதில் எல்லாம் விழுந்தது.

"பாதையை நான் மூடிருவேன்" என்றான் கஸியான்.

"முடியாதுங்க. அறுபது வருஷமா அதுல சறுக்கிட்டு வர்றோம். அனுபவ பாத்தியதையில பாதை எங்களுக்கு உரிமையாயிருச்சுன்னு வக்கீல் சொல்றார்."

"அறுபது வருஷமா எங்க வீட்டுக்குப் பாஸ் குடுத்தீங்களே, அது எங்களுக்கு உரிமையாகலையா?"

"அதுவா? அது அன்பளிப்புங்க."

 "ஐயா, நீங்க கை குடுத்தீங்க" என்றான் கஸியான்.

"நான் எல்லாருக்கும்தான் கை குடுக்கறேன்" என்றான் ஹாகெனாவ். அவன் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே அவனுக்குப் புரியவில்லை. கேலி செய்திருந்தாலாவது மனிதன் என்று நினைத்திருப்பேன்.

பருவம் திறக்கிற சனிக்கிழமை, நல்ல வெயில். என் கவுன்டர் வரிசையில் கஸியான் நின்றான். கோயிலுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டு, தோளில் பலகை. முறை வந்ததும் இரண்டு ஐம்பது யூரோ நோட்டைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினான்.

"உனக்கு விக்க மாட்டேன். போடா" என்றேன்.

"குடு புர்கி. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

"உன் புல்வெளியில நீ சறுக்கறதுக்கு எண்பத்து நாலா? வெக்கமா இல்ல?"

"எனக்கு எதுக்கு வெக்கம்? இதுக்குக் காசு வாங்கறவங்களுக்கு இருக்கணும்."

கொடுத்தேன். அவன் முதல் வண்டியில் ஏறினான். கவுன்டர் ஜன்னலிலிருந்து மலையின் கீழ்ப்பாதி தெரியும். எப்போதும் நிற்காமல் வருகிறவன் அன்று மேலே காட்டோரத்தில் ஒருமுறை நின்று கீழே தன் புல்வெளியைப் பார்த்தான். பிறகு இறங்கினான். அவன் இறங்குவதைப் பற்றி நான் என்ன சொல்ல? முழங்கால் கெட்டவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தன் புல்வெளிக்கு வந்ததும் பாதைக்கு நட்டநடுவில் நின்று பலகையைக் கழற்றினான்.

அங்கே ஸென்ஸி தயாராக இருந்தாள். வைக்கோல் இழுக்கிற சறுக்குவண்டியில் அடுக்களை மேசையை ஏற்றி இழுத்து வந்திருந்தாள். இரண்டு நாற்காலி, ஒரு பெரிய பானையில் ரொட்டி உருண்டை போட்ட சூப். இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். விருந்தாளிகள் இரண்டு பக்கமும் அலறிக்கொண்டு விலகி ஓடினார்கள். நான் கவுன்டரை இழுத்து மூடிவிட்டு ஓடினேன். இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக வேலை நேரத்தில் மூடினேன். கஸியானைப் பார்த்து நான் பெருமைப்பட்ட ஒரே நாள் அதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஹாகெனாவ் பனி ஸ்கூட்டரில் பறந்து வந்தான். "என்ன செய்றீங்க? இது பெரிய ஆபத்து!"

"சாப்பிடறோம்" என்றான் கஸியான். "என் நிலம். என் மேசை. டிக்கெட்டும் இருக்கு, பாக்கறீங்களா?"

"இந்த அம்மாகிட்ட டிக்கெட் இல்லையே!"

"நான் சறுக்கலையே" என்றாள் ஸென்ஸி. "மெல்லுறேன்."

"போலீசைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. அவன் என் அத்தை பையன்தான். அவனுக்கு உருண்டை ரெண்டு சேர்த்து வேணும்" என்றான் கஸியான்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் தங்க நிற ஹெல்மெட் போட்ட ஒரு பெண் சர்ரென்று வந்து மேசையருகே நின்றாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"ஆகா, எவ்வளவு அழகு! இன்னைக்கு என்ன சூப்? கார்டு வாங்குவீங்களா?"

"இது வீட்டுச் சாப்பாடும்மா. விக்கறதில்ல" என்றாள் ஸென்ஸி.

அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. ஐம்பது யூரோ நோட்டை உப்பு டப்பாவுக்கு அடியில் செருகினாள். கஸியான் கையிலிருந்த கரண்டியை வாங்கி, அவன் கிண்ணத்திலிருந்தே ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடி முனகினாள். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் நின்றார்கள். பிறகு பத்து. ஆளுக்கொரு போனைத் தூக்கிக்கொண்டார்கள். ஒருவன் கஸியானின் நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வதற்காக, "ஒரு நிமிஷம் எழுந்திரிக்கறீங்களா?" என்று கேட்டான். கஸியான் எழுந்தான். உடம்பில் ஊறிப்போன மரியாதை, என்ன செய்வது? எழுந்தவன் திரும்ப உட்காரவே இல்லை.

நான் ஹாகெனாவைப் பார்த்தேன். முகத்தில் கோபம் இல்லை. ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை அவன் ப்ளோனர் வீட்டுக்கு வந்தான். இந்தத் தடவை காகிதத்தோடு. பதினாறு பக்கம். பருவம் முழுக்க, தினமும் பதினொன்றிலிருந்து நான்கு மணிவரை, பாதை ஓரத்தில் விவசாயி மேசை. ஒரு கிண்ணம் சூப் இருபத்தெட்டு யூரோ, பாதி கம்பெனிக்கு. அதோடு கஸியானுக்கும் ஸென்ஸிக்கும் இரண்டு சீசன் பாஸ், இலவசம். ஸென்ஸி சொல்லி அனுப்பியதால் நான் போய்ப் படித்துப் பார்த்தேன்.

"வேண்டாம்டா" என்றேன். "உன் தலையில மிளகாய் அரைச்சு, அந்த மிளகாயையும் உனக்கே விக்கறான்."

"கேட்டது ரெண்டு பாஸ். குடுத்துட்டானே. இப்ப எழுத்துலயும் குடுக்கறான். நீதான எழுதி வாங்கச் சொன்ன?"

"நீ கேட்டது பாஸ் இல்லடா. காலையில ஒரு இறக்கம்."

"அதுவும் கிடைக்கும். எட்டரைக்குப் போனா ஒம்பதுக்கு வீட்டுல இருப்பேன். பதினோரு மணிக்குத்தான கடை?"

ஸென்ஸி தொழுவத்துக் கூரையை அண்ணாந்து பார்த்தாள். மழை பெய்தால் அது ஒழுகும்.  அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் கையெழுத்துப் போட்டான்.

இருநூறு உருண்டை பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அவன் யோசிக்கவில்லை. பால் கறந்து முடித்ததும் ரொட்டி நறுக்க வேண்டும், வெங்காயம் வதக்க வேண்டும், பானை ஏற்ற வேண்டும், மேசை இழுக்க வேண்டும். எட்டரைக்கு முதல் வண்டி கிளம்பும்போது இரண்டு பேர் கையிலும் மாவு. ஒப்பந்தத்தில் உடையும் எழுதியிருந்தது. தோல் அரைக்கால்சட்டை, இறகு வைத்த தொப்பி. எங்கள் ஊரில் பனிக்காலத்தில் அரைக்கால்சட்டை போடுகிறவனைப் பைத்தியம் என்போம். கெட்டுப்போன முழங்கால் இரண்டும் வெளியே தெரிய, கஸியான் பனியில் நின்று சூப் ஊற்றினான். ஒரு விருந்தாளி அவனிடம், "நீங்க நிஜ விவசாயிதானா, இல்ல நடிகரா?" என்று கேட்டான். கஸியான் உள்ளங்கை இரண்டையும் விரித்துக் காட்டினான். அவன் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்த ஆளை அறையாமல் விட்டது இன்றைக்கும் உறுத்துகிறது.

ஜனவரியில் திரையில் விலை மாறியது. வெயில் நாளுக்கு எண்பத்தொன்பது. காரணம் என்ன என்று விளம்பரத் தாளில் போட்டிருந்தார்கள்: புது இருக்கைகள், வேகமான இணையம், உண்மையான மலை விவசாயியோடு மதிய உணவு. ஐந்து யூரோவை ஏற்றிவிட்டவர்களில் இப்போது கஸியானும் ஒருத்தன். இதை நான் அவனிடம் சொல்லவில்லை. கையுறையை மறந்துவிட்ட குடும்பங்களிடம் மட்டும் என்னால் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

ஒருநாள் கவுன்டர் கம்ப்யூட்டரில் அவன் பாஸ் எண்ணைத் தட்டிப் பார்த்தேன். டிசம்பரிலிருந்து எத்தனை தடவை வாசலைத் தாண்டியிருக்கிறது என்று காட்டும். இரண்டு. இரண்டும் முதல் வாரத்தில். ஸென்ஸியுடையது பூஜ்யம்.

பிப்ரவரி தொடக்கத்தில் முழங்கால் அளவு பனி கொட்டியது. மறுநாள் மத்தியானம் காற்று இல்லை, சத்தம் இல்லை, மலை முழுக்கத் தொடாத பனி. வருஷத்துக்கு ஒரு நாள் கிடைத்தால் பெரிது. இரண்டு மணி நேரம் விடுப்பு எழுதிவிட்டுப் பலகையை எடுத்துக்கொண்டு அவன் மேசைக்குப் போனேன்.

"கரண்டியைக் கீழ போடு. வா."

கஸியான் மலையைப் பார்த்தான். கழுத்துப் பட்டையில் பாஸ் தொங்கியது. அதன்மேல் சூப் தெறித்துக் காய்ந்திருந்தது.

"ரெண்டு மணிக்கு எட்டுப் பேர் வர்றாங்க. முன்பணம் கட்டிட்டாங்க" என்றான்.

"ஸென்ஸி பாத்துக்குவா."

"நான் நிக்கணும்னு எழுதியிருக்கு புர்கி. ரெண்டு பேரும் நிக்கணும்."

"எழுதினதைக் கிழிச்சுப் போடுடா. உன் முழங்காலுக்கு இன்னும் எத்தனை பனி மிச்சம்?"

"அடுத்த வாரம் பாக்கலாம்" என்றான். அடுத்த வாரம் இந்தப் பனி இருக்காது என்பது எனக்குத் தெரியும். என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

தனியாக ஏறினேன். மேலே காட்டோரத்தில் ஒரு ஆள் இல்லை. விருந்தாளிகள் பாதி பேர் ஓட்டலில், மீதி பேர் சூப் வரிசையில். இறங்கும்போது பனி இடுப்புவரை பறந்தது, பலகை காலில் இருப்பதே தெரியவில்லை. அந்த மாதிரி இறக்கம் எனக்கு வாழ்க்கையில் மூன்றோ நாலோதான் கிடைத்திருக்கிறது. பாதி வழியில் அழுகை வந்தது, நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

அவன் மேசையருகே வந்து நின்றேன். கஸியான் எட்டுத் தட்டை ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு நின்றான். சுற்றிலும் இருக்கிற ஆட்களுக்குக் கேட்காதபடி, தணிந்த குரலில் கேட்டான்:

"மேல பனி எப்படி இருக்கு புர்கி?"

"மோசம்" என்றேன். "வெறும் ஐஸு. நீ வராததே நல்லதாப் போச்சு."

என் கால்சட்டையில் இடுப்புவரை அப்பியிருந்த புதுப்பனியை அவன் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அப்படியா" என்றான். தட்டுகளை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனான்.